குண்டனுக்கு ஒரு டேபிள் ஃபேன்

ஏப்ரல் 6

அன்புள்ள ஒல்லிக்கு,

போனில் நீ "நல்லாருக்கேன் அண்ணி" என்கிறாய், நான் "நல்லாருக்கேன்மா" என்கிறேன், இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். உன் அண்ணன் இறந்துபோன இந்த மூன்று வருடமாக இதே கதை. உண்மையான சமாச்சாரம் எதுவும் அதில் ஏறுவதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் உனக்கு வேண்டிய விஷயம். குண்டனுக்கு உடம்பு சரியில்லை. வெயில் ஏறியதும் பொட்டென்று அணைந்துவிடுகிறான். நான் ரத்த வங்கி வேலை முடிந்து வந்து பட்டனை அழுத்தினால் முனகிக்கொண்டே எழுந்திருக்கிறான். பக்கத்து மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அவன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே காற்று அவனுக்கு, வியர்வை எனக்கு. சம்பந்தி வீட்டாரைக்கூட யாரும் இப்படி உபசரித்திருக்க மாட்டார்கள்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் தெருவே அவரை 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடுகிறது. ஒரு வழியாக வந்தார். குண்டன் ஓயாமல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, இதில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். நட்சத்திரம் தேடுகிறோம் என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு உன் அண்ணன் எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன். வானத்திலிருந்து வரும் இரைச்சலை ஓர் ஆராய்ச்சிக்கூடம் துண்டு துண்டாக நறுக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும். துடிக்கிற நட்சத்திரம் ஏதாவது அதில் ஒளிந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பும். போட்ட கணக்கெல்லாம் அவரவர் பெயரில் ஏறும். சம்பளம் கிடையாது.

"கண்டுபிடிச்சா என்னக்கா தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க."

அதற்குப் பிறகு குனிந்து குண்டனின் வயிற்றைப் பார்த்தார். உள்ளே ஃபேன் தேய்ந்துவிட்டதாம், இந்த மாடல் இங்கே கிடைக்காதாம்.

இன்னொரு சமாச்சாரம், பெரிதாக ஒன்றுமில்லை. வேறொரு ஊரில் புதிதாகத் திறக்கும் ரத்த வங்கிக்கு என்னைப் பொறுப்பாளராகக் கேட்கிறார்கள். தங்க ஓர் அறையும் சமையலறையும் தருவார்கள். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னலைத் திறந்தால் பெரிய மரம். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கொக்கிகூட வைத்திருக்கிறார்கள். ஜன்னல் திண்டில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், அவ்வளவு அகலம். ஆனால் குண்டனையும் அவன் மேசையையும் உள்ளே வைத்தால் நான் வாசலில்தான் நிற்க வேண்டும். இந்த உடம்போடு அவனைப் பஸ்ஸில் ஏற்றினால் பாதி வழியிலேயே உயிரை விடுவான் என்கிறார் 'நாளைக்கு'. ஜூன் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். நீ கவலைப்படாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பஸ்ஸில் ஒரு தடவை, படுக்கையில் ஒரு தடவை படித்தேன். குண்டனுக்கு ஃபேனும், பிராசஸர் மேல் தடவுகிற பேஸ்டும் தனிப் பார்சலில் வருகின்றன. ஒரு பட்டாணி அளவு போதும் என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். விட்டால் பூரிக்கு மாவு தேய்ப்பதுபோல் தேய்த்துவிடுவார்கள்.

புதுசாகவே ஒன்று வாங்கி அனுப்பலாமா என்று நினைத்தேன். ஆனால் அது குண்டன் ஆகாதே. உங்கள் மனசு ஏற்காது. உங்களுக்கு அங்கே துணை அவன்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் அண்ணன் கடைசியாகக் கேட்டதே "குண்டன் ஓடுதா"தானே. நீங்கள் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் எப்படியாவது அவனை ஓட வைப்போம். வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து அண்ணன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இங்கே நான் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விளக்கு முன்னால் வரிசையாகப் போகும், விரிசல் உள்ளதை எடுத்துப் போட வேண்டும். இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் விரிசல் தேடுகிறேன்.

அந்த வேலை வேண்டாமென்றால் சரி, உங்கள் இஷ்டம். ஆனால் வேண்டாத வேலைக்கு ஜன்னலைப் பற்றி மட்டும் எதற்கு அண்ணி இத்தனை வரி?

ஒல்லி


மே 2

அன்புள்ள ஒல்லிக்கு,

பார்சல் வந்தது. நம் 'நாளைக்கு' மறுநாளே வந்து ஃபேனைப் பொருத்தினார், பேஸ்டும் தடவினார். பட்டாணி அளவுதான். அதற்குப் பிறகு குண்டனிடமிருந்து சத்தமே இல்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள்கூட என்ன இது, மில் நின்றுவிட்டதா என்று கேட்டார்.

அவனைப் பற்றி நீ யோசித்துக்கொண்டிருக்காதே. ஜன்னலைப் பற்றி எழுதியது சும்மா. பக்கத்தை நிரப்ப வேண்டாமா?

இங்கே வெயில் தாங்கவில்லை. நீ ஸ்வெட்டர் போடாமல் திரியாதே.

உன் அண்ணி


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

குண்டன் அமைதியாகிவிட்டான் என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். அண்ணன் பெயரில் கணக்கு ஜம்மென்று ஏறிக்கொண்டிருக்கிறது. முன்னைவிட வேகம் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

என் லேப்டாப்தான் படுத்துகிறது. கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் சத்தம். சூட்டில் அதன்மேல் தோசை வார்க்கலாம். அறைத் தோழி, ஒன்று அது போகட்டும் அல்லது நான் போகிறேன் என்கிறாள். வயசாகிவிட்டது போலிருக்கிறது, லேப்டாப்புக்கு.

ஒல்லி


மே 27

அன்புள்ள ஒல்லிக்கு,

நீ கையும் களவுமாக மாட்டிக்கொண்டாய். ஆனால் நான் பெரிய யோக்கியம் இல்லை என்பதால் முதலில் என் கதை.

ஏப்ரல் கடைசியில் உன் ஃபேனைப் பொருத்திப் பட்டனை அழுத்தினோம். விளக்கு ஒரு தடவை சிமிட்டியது, அவ்வளவுதான். போர்டில் சின்னச் சின்ன டப்பா மாதிரி இருப்பவை எல்லாம் உப்பிக் கிடந்தன. இனி இது எழுந்திருக்காது என்று 'நாளைக்கு' அன்றைக்கே சொல்லிவிட்டார். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நாளைக்குத் தள்ளிப்போடவில்லை. உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான், சத்தமே இல்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை, பார்.

உன் பதில் வந்தது. கணக்கு ஏறுகிறதாம், முன்னைவிட வேகமாம். குண்டன் என் எதிரில் கட்டையாகக் கிடக்கிறான். உன் அண்ணன்தான் எங்கேயோ உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். முதலில் பயம். அப்புறம், போன இடத்திலும் இதைக் கட்டிக்கொண்டுதான் அழுகிறாரா என்று கோபம்.

'நாளைக்கு'வைக் கூப்பிட்டேன். மானிட்டர் ஓரத்தில் உன் அண்ணன் ஒட்டி வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். இந்தப் பெயரில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறதே என்றார். ஒன்று குண்டன், ஏப்ரலோடு நின்றுவிட்டது. இன்னொன்று அன்று காலையில்கூட வேலை அனுப்பியிருக்கிறது. அதன் பெயர் ஒல்லி.

"யாருக்கா இந்த ஒல்லி?"

"என் நாத்தனார்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பாவம், பாஸ்வேர்டில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயந்துபோனார்.

ஏன்டி, அந்த லேப்டாப்பைக் கட்டிலுக்கடியில் போட்டு வேகவைத்து, தோழியிடம் திட்டு வாங்கி, எதற்கு இதெல்லாம்? குண்டன் நின்றது தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்றா?

இப்போது நேராகவே எழுதுகிறேன். உன் அண்ணனை அனுப்பிவிட்டு வந்த அன்று, நீ குண்டன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது ஓடற வரைக்கும் அண்ணன் நம்மகூடத்தான் அண்ணி இருக்கான்" என்றாய். அந்த வார்த்தைக்காகத்தான் மூன்று வருடமாக விசிறிக்கொண்டிருந்தேன். எனக்காக இல்லை. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் குண்டன் ஓடுதா என்று அவர் கேட்டது நிஜம். நான் ஓடுது என்றேன். அதற்கு அவர் சொன்னதை உனக்கு நான் சொல்லவில்லை. "ஆள் இல்லாத வீட்ல எதுக்கு ஓட விட்டே? சூடாயிடும். போய் அணைச்சுட்டு வா." இதுதான் சொன்னார். நீ அப்படிப் பேசிய பிறகு இதை எப்படிச் சொல்வேன்?

எனக்கு அந்த வேலைக்குப் போக ஆசையாக இருக்கிறது, ஒல்லி. அந்த அறையும் வேண்டும், அந்த ஜன்னலும் வேண்டும். எழுதவே கூசுகிறது. கணக்கு நின்றால் உன் அண்ணன் பெயரை எடுத்துவிடுவார்களா? தினமும் காலையில் பார்க்கிறவள் நீ. உனக்கு வலிக்கும் என்றால் நான் போகவில்லை. மூடி மறைக்காமல் பதில் எழுது. ஜூன் கடைசி வரை காத்திருக்கிறேன்.

உன் அண்ணி


ஜூன் 8

அன்பு அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தோழி கதவைத் திறந்து பார்த்தாள். அதற்குள் நான் அழ ஆரம்பித்திருந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணி, அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை, அழவில்லை, யாரோடும் பேசவில்லை. குண்டனுடைய விளக்கையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணிக்கு இதுதான் ஆறுதல் போலிருக்கிறது என்று நினைத்து, வாயில் வந்ததைச் சொன்னேன். உங்களுக்காகச் சொன்னது அது. சொன்ன மறுவாரமே எனக்கு மறந்துவிட்டது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறப்பதுகூட அண்ணன் பெயருக்காக இல்லை. குண்டன் வேலை அனுப்பியிருந்தால் நீங்கள் வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தியிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் பார்க்கத்தான். அது நின்ற அன்று என் உயிரே போய்விட்டது. உடனே போன் செய்தேன், ஞாபகமிருக்கிறதா? நல்லாருக்கேன்மா என்றீர்கள். குரலில் விரிசல் இல்லை, ஆக நின்றது மிஷின்தான் என்று தெரிந்துகொண்டேன். அதை நீங்கள் மறைப்பதும் தெரிந்தது. அவ்வளவு வலி போலிருக்கிறது என்று நினைத்துத்தான் அண்ணன் பெயரில் என் லேப்டாப்பை மாட்டினேன்.

பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். விசாரித்துவிட்டேன். கணக்கு ஏறாது, ஆனால் அழியாது. போட்டது போட்டதுதான். குண்டன் பாதியில் விட்ட கடைசித் துண்டு என்ன ஆனது என்றும் தேடிப் பார்த்தேன். கெடு தாண்டியதும் அதை வேறு யார் வீட்டுக்கோ அனுப்பி, அவர்கள் முடித்தும் கொடுத்துவிட்டார்கள். எதுவும் நிற்கவில்லை அண்ணி.

கையில் இருந்த துண்டுகளை முடித்து அனுப்பிவிட்டு, இனி வேலை வேண்டாம் என்று சொல்லி லேப்டாப்பையும் நேற்று நிறுத்திவிட்டேன். என்ன நிம்மதி தெரியுமா. தோழி எனக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வேலையை ஒத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு நான் லீவில் வருவேன். எனக்கும் அந்தத் திண்டில் இடம் வேண்டும்.

உங்கள் ஒல்லி


ஜூன் 22

என் ஒல்லிக்கு,

சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் அங்கே. புது முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

குண்டனை எடுத்துப் போக எப்போது வருகிறீர்கள் என்று கேட்டதற்கு 'நாளைக்கு' வழக்கம்போல் நாளைக்கு என்றார். ஆனால் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். நீ அனுப்பிய ஃபேன் புதிதாகவே இருக்கிறதாம், யாருக்காவது பொருத்திவிடுவார். குண்டனைத் தூக்கும்போது தானாகவே மெதுவாகத் தூக்கினார். வாசல் வரைக்கும் கூடப் போனேன், அவ்வளவுதான்.

ஒன்று கேட்டால் நீ சிரிப்பாய். அன்றைக்கு நான் ஏன் குண்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அணைத்துவிட்டு வா என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். எந்தப் பட்டன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்பது என்று யோசிக்கும்போதுதான் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொன்னாய்.

அவன் மேசை காலியாக இருக்கிறது. டேபிள் ஃபேன் மட்டும் அந்தப் பக்கமே பார்த்து, ஒன்றுமில்லாத இடத்துக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஏப்ரலிலிருந்தே அப்படித்தான் சுற்றுகிறது, அணைக்கவோ திருப்பவோ எனக்குத் தோன்றவேயில்லை. இன்று மத்தியானம் அதை என் பக்கம் திருப்பினேன். முகத்தில் காற்று அடித்ததும் உன் அண்ணனை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு தூங்கிவிட்டேன். எழுந்தபோது டீ நேரம் தாண்டியிருந்தது.

நான் நல்லாருக்கேன்மா. இந்தத் தடவை நிஜமாகவே.

அண்ணி