சார்ஜருக்கு வைத்த சந்தனம்

ராயப்பேட்டை,
20-10-1972

அன்புள்ள சுந்தரவல்லிக்கு,

நான் இங்கு சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஆயுதபூசை முடிந்து கடை திறந்த அன்று, கார் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் எங்கள் மெஷின் வேலை செய்யவில்லை. ஒரு டாக்சிக்காரர் பேட்டரியோடு காத்திருந்தார். "இன்னா பொன்ராஜு, மீட்டர் முள்ளு அசையவே இல்லியே. புதுசு வாங்கணுமா?" என்றார் முதலாளி. பூசைக்கு அதைத் துடைத்து வைத்தவன் நான்தான். ஃபியூஸ் மாற்றினேன். மூடியைக் கழற்றி ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. மதியத்துக்கு மேல்தான் பேட்டரியைக் கவ்வும் கிளிப்பைக் கவனித்தேன். நான் அப்பிய சந்தனம் அதன் பல்லிடுக்கெல்லாம் காய்ந்து கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் முள் துள்ளி எழுந்தது.

"மெஷினுக்கு சந்தனக்காப்பே பண்ணிக்கீறியே நைனா" என்று டாக்சிக்காரர் சிரித்தார். முதலாளியும் சிரித்துவிட்டார்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவள் நீ. எனக்கு அளவு தெரியவில்லை.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார். அங்கே நிற்கும் என் சைக்கிளுக்கு இந்த வருஷம் பொட்டு வைத்தாயா என்று மட்டும் எழுது.

உன்
பொன்ராஜ்