ஐந்து ஸ்பீக்கரும் ஒரு காதும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். இருமல் அடங்கிவிட்டது என்று போனில் சொன்னாய், சொல்லும்போதே இரண்டு தடவை இருமினாய், அதனால் அந்த விஷயத்தில் உன் வாக்குமூலத்தை நான் ஏற்கவில்லை, டாக்டரைப் போய்ப் பார். குட்டிக்கு முன்பல் விழுந்த படம் வந்தது, அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள், பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லோரும் என்றால் நானும் அவளும்தான்.

போன தடவை வந்தபோது நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்த வீடு வரையும் சாஃப்ட்வேரை நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அவரிடம் சொல், ஆறே வாரத்தில் நம் பேஸ்மென்டை அதில் ஹோம் தியேட்டராகக் கட்டி முடித்துவிட்டேன். பதினாறு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், தரையிலிருந்து கூரைக்கு ஏழடி நாலங்குலம், எதிலும் பிசகில்லை. வாஷிங் மெஷின், உன் பழைய சைக்கிள், காலியான பெயின்ட் டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் அப்புறப்படுத்தினேன், நிஜத்தில் அவை அங்கேயேதான் இருக்கின்றன. கடைசிச் சுவரில் திரை, கூரையில் புரொஜெக்டர், சுற்றி ஐந்து ஸ்பீக்கர், எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. முப்பத்தொரு வருடம் பஸ்ஸுக்கு நேர அட்டவணை போட்டவன் நான், ஒரு பஸ்கூட என் காகிதத்தை மதித்ததில்லை. இங்கே ஒரு சோபாவை வைத்தால் அது வைத்த இடத்தில் நிற்கிறது. இந்த வயதில் இப்படியொரு கீழ்ப்படிதல் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சினிமாப் பைத்தியம் முற்றிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய், நானும் உன்னை அப்படியே நினைக்க விட்டேன். விஷயம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் காய்ச்சலோடு அம்மாவுக்கு வலது காது போனது உனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் யார் குரலையும் ஒரு ஹலோவில் அடையாளம் கண்டவள். நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னதை அவள் ரயில் அரை மணி தாமதம் என்பதைப் போலக் கேட்டுக்கொண்டு வந்தாள். உனக்குத் தெரியாதது அதற்கு அடுத்த மாதம் நடந்தது. தியேட்டருக்குப் போயிருந்தோம், அவன் என்ன சொன்னான் என்று மூன்று தடவை கேட்டாள், மூன்றாவது தடவை நான், சும்மா படத்தைப் பாரேன், என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சாப்பாடு போட்டாள், அன்றிலிருந்து எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் தலைவலி என்கிறாள், டிவியில் படம் ஓடினால் எழுந்து போய்த் துணி மடிக்கிறாள். இந்த வீட்டில் இவ்வளவு துணி இல்லை. அவள் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும். மன்னிப்புக் கேட்பதைவிடச் சுவரில் பஞ்சு ஒட்டுவது சுலபம் என்று கணக்குப் போட்டேன்.

ஒலி எல்லாத் திசையிலிருந்தும் சரியாக வந்து சேரும் இடம் ஒன்று உண்டு, அறையின் நடுவில், அந்த நாற்காலியை அம்மாவுக்கு ஒதுக்கினேன், என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டேன். திரை சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க அந்த சாஃப்ட்வேரோடு சும்மா கிடைக்கும் ஓர் ஆளை அதில் உட்கார வைத்தேன், நீலச் சட்டை, முகம் கிடையாது, எந்தக் குறையும் சொல்ல மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பேஸ்மென்ட் தரையில் முழு அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் இரண்டைக் கொண்டுபோய் வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள். நடு நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூலையில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்திலேயே, திரை, ஸ்பீக்கர், பஞ்சுப் பலகை என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவள் மரியாதையாக எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் திரும்பி, ஏங்க, இவ்வளவு நேரம் ஏதாவது சொல்லிட்டிருந்தீங்களா, என்றாள்.

நான் அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஸ்பீக்கருக்கும் டிகிரிக் கணக்கில் கோணம் பார்த்தவன், ஒரு காதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவள் இடத்தில் ஆறு வாரம் நீலச் சட்டைக்காரனை வைத்திருந்தேன், அவனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். சரி, அவளுக்கு இடது பக்கம் மாறிக்கொள்ளலாம் என்றால் அங்கே நாற்காலியை ஒட்டியே வீட்டைத் தாங்கும் தூண் நிற்கிறது. நான் மனம் தளரவில்லை, மேலே போய்க் கம்ப்யூட்டரில் தூணைப் பிடித்து மூன்றடி நகர்த்தினேன், ஒரு வினாடிகூட ஆகவில்லை, வரைபடத்தை இந்த வேலைக்குப் பேசி வைத்திருந்த தச்சருக்கு அனுப்பினேன். அரை மணியில் போன் செய்தார். சார், தூணைத் தள்ளி வச்சிருக்கீங்க, ரொம்ப நல்லா இருக்கு, ஆனா வீட்டுல தள்ளினா மேல இருக்கற சமையலறையும் சேர்ந்து படம் பார்க்க வந்துடும், பரவாயில்லையா, என்றார். அவர் இப்படித்தான், அளவெடுக்கும்போதும் நம்மையும் சேர்த்து அளந்துவிடுவார்.

தூண் நகராதாம் என்று அம்மாவிடம் சொன்னேன், இந்தத் தடவை இடது பக்கம் நின்று சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு அவளே கீழே இறங்கினாள், நானும் பின்னால் போனேன். சாக்பீஸ் கோடுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள், நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, என் திரைக்கு முதுகைக் காட்டி, படிக்கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆறு வாரத்து வேலைக்கு இதைவிடத் தெளிவாகக் கருத்துச் சொல்ல முடியாதில்லையா. பிறகுதான் பார்த்தேன், திரும்பி உட்கார்ந்ததும் தூண் அவளுக்கு வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் என் நாற்காலி. உன் அம்மா தூணை நகர்த்தவில்லை, திரையை நகர்த்திவிட்டாள்.

அதையும் அவளைப் போலவே திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்பீக்கரைப் பற்றிப் பேசலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அன்னைக்குத் தியேட்டர்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என்று வந்துவிட்டது, சாதாரணக் குரலில், கத்தாமல். இதைச் சொல்றதுக்கு ஒரு ரூம் கட்டணுமா, மேலயே சொல்லியிருக்கலாமே, என்றாள். அப்படியென்றால் கட்ட வேண்டாமா என்று கேட்டேன். கட்டுங்க, வரைஞ்சது வரைஞ்சாச்சு, ஆனா ரிமோட் என் கையில, எனக்குப் புரியலைன்னா நிறுத்துவேன், நிறுத்தினா நீங்க சொல்லணும், முகத்தைச் சுளிக்காம சொல்லணும், என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். முகத்தைப் பற்றிய நிபந்தனைக்கு மட்டும் பயிற்சி தேவைப்படும்.

இப்போது கம்ப்யூட்டரில் சுவர்களையும் தூணையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அரை வட்டம் திருப்பிவிட்டேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள். இனி படி இறங்கி வர்றவங்க நேரா படத்துக்குள்ளயே வந்துடுவாங்களே சார் என்று தச்சர் கவலைப்பட்டார், தாமதமாக வருகிறவர்களுக்கு அது தேவைதான் என்று அம்மா சொல்லச் சொன்னாள். வரும் திங்கட்கிழமை வேலை ஆரம்பம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும், நேர அட்டவணை நான் போட்டிருக்கிறேன், ஆனாலும் முடிந்துவிடும்.

குட்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை ஏற்றினால் குறைக்கச் சொல், காது இரண்டு இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் இருக்க வேண்டாம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், எதிலும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தரையிலிருந்து கண் எவ்வளவு உயரம் என்று அளந்து, உன்னுடையது, மாப்பிள்ளையுடையது, குட்டியுடையது, மூன்றையும் இந்த வாரமே அனுப்பு. பின்வரிசைக்கு மேடை எவ்வளவு உயரம் என்று அது தெரியாமல் தச்சர் பலகை அறுக்க மாட்டார். எப்போது வருகிறாய் என்றெல்லாம் நான் கேட்கவில்லை, அளவு மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா இதைப் படித்துப் பார்த்தாள். எப்போது வருகிறாய் என்று அவள் கேட்கிறாள்.