கரண்டிலை பிழை இல்லை

இஞ்சேருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியிலை மூடி வைச்சிருக்கு. அச்சகத்து ஆள் வந்தால் திங்கள் தாறம் எண்டு சொல்லுங்கோ.

உங்கடை அப்பாவின்ர முப்பத்தோராம் நாள் கல்வெட்டு நினைவுப் புத்தகத்துக்கு நீங்கள் கம்பியூட்டரிலை அடிச்ச நாலு பக்கமும் கரண்ட் போனதாலை அழியேல்லை. நான்தான் அழிச்சனான். கம்பியூட்டருக்கு புதுசா லினக்ஸ் இயங்குதளம் போடேக்கை, அந்தப் பக்கங்களைத் தற்காலிகக் கோப்புகள் வைக்கிற இடத்திலை போட்டு வைச்சனான். மெஷினை நிப்பாட்டித் திருப்பிப் போட்டால் அந்த இடம் தானாத் துடைபட்டுப் போகுமாம். லினக்ஸ் புத்தகத்திலை இருந்தது, நான் வாசிக்கேல்லை. கம்பியூட்டர் படிப்பிக்கிற நான் இதை எந்த முகத்தோடை சொல்லுறது? "கரண்டாலை போச்சுது, நீர் என்ன செய்வீர்" எண்டு நீங்கள் எனக்கே ஆறுதல் சொல்ல, நானும் "ஓம்" எண்டிட்டன். ரெண்டு நாளா உங்கடை முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடக்கு.

செட்டிகுளத்துக்கு உங்கடை தங்கச்சியிட்டைப் போறன். அவாவிட்டையும் உண்மையைச் சொல்லி, மாமாவைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு பின்னேரப் பஸ்ஸிலை வாறன்.

தவமலர்

விடிய நானே நினைவிலை இருந்து அடிச்சுப் பாத்தன். மாமாவின்ர பேரும் பிறந்த ஊரும் மட்டும்தான் வந்தது. கோவம் ஆறினால் பக்கத்திலை இருந்து சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்.