சூடு தெரியாத கால்

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. பனி வாசல்வரை வந்து நின்றது, எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. வைத்தியத்துக்கு நேற்று ஊறவைத்த களிமண் நன்றாகக் குழைந்திருந்தது. நல்ல பதம்.

இந்தக் குளிருக்கு எல்லாருக்கும் வலி. மண் வைத்து லைட் பிடிக்க வந்தவர்கள்: முட்டி இரண்டு பேர், இடுப்பு ஒருவர், கடைசியாகப் பாக்கியம். நாத்தனாருக்கு எப்போதும் கடைசி முறைதான். அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேச முடியும். அவளுக்குக் குதிகால், பாதம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தேயிலை மலை ஏறி இறங்கிய கால், வலிக்காமல் என்ன செய்யும்.

மண்ணைத் துணியில் பரப்பிப் பாதத்தைச் சுற்றிப் போட்டு, மேலே அகச்சிவப்பு விளக்கு. ஒரு முழம் தள்ளித்தான் வைப்பேன். "இன்னும் கிட்ட வைங்க அண்ணி, இந்தக் குளுருக்கு ஒண்ணும் ஏறல." வைத்தேன். இங்கே பொம்பளைகள் எல்லாம் இப்படித்தான், சூடு தாங்குவதில் போட்டி. போதும் என்று முதலில் சொல்பவளுக்குக் கிண்டல்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார். கோலாலம்பூரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு டீச்சர், கழுத்துப் பிடிப்பு. தங்கியிருக்கும் இடத்தில் யாரோ என் பேரைச் சொன்னார்களாம்! போனை எடுத்து என்னை, களிமண் பாத்திரத்தை, எல்லாவற்றையும் படம் பிடித்தார். "ஃபேஸ்புக்ல போடறேன் ஆன்ட்டி, கூட்டம் எப்பிடி வருதுன்னு பாருங்க லா." சேலை மாற்றிக்கொண்டு வந்து இன்னொரு படம்.

திரும்பிப் போனால் பாக்கியம் தூங்கிக்கொண்டிருந்தாள். மண் காய்ந்து வெடித்திருந்தது. பாதம் சிவப்பு. "நல்லா இதமா இருந்துச்சு அண்ணி." போகும்போது ஒரு செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு நடந்தாள், கழன்றதே தெரியவில்லை. கூப்பிட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வாங்க வேண்டியது: மண் பாக்கெட், காட்டன் துணி, இவருக்கு இருமல் மருந்து.

நவம்பர் 5, புதன்

காலையில் தேவி போன். பாக்கியத்தின் மருமகள். "மாமி, அத்தைக்குக் கால்ல பெரிய பெரிய கொப்புளம். சுடுதண்ணி கொட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே கேட்டாள், "நேத்து உங்க வீட்டுக்கு வந்தப்ப கால் நல்லாத்தான இருந்துச்சு மாமி?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது.

சுடுதண்ணியாவது ஒன்றாவது. காய்ந்த மண்ணை விளக்குக்கு நேராக வைத்துவிட்டு நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். ஈரம் இருக்கும்வரை மண் சூட்டை வாங்கி மெதுவாக உள்ளே இறக்கும். ஈரம் போனால் அது தோசைக்கல். வருகிறவர்களுக்கெல்லாம் இதை நானே வாய் கிழியச் சொல்கிறேன்.

சோறு ஆக்கினேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. பாக்கியத்தைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவர் வரவில்லை, இருமல். பாக்கியத்துக்குக் காலில் பெரிய கட்டு. முகம் மட்டும் எப்போதும் போல.

டாக்டர் பாதத்தில் எதையோ வைத்துக் குத்திக் குத்திக் கேட்டாராம், தெரியுதா தெரியுதா என்று. ஒன்றும் தெரியவில்லையாம். இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, முற்றினால் கால் மரத்துப்போகுமாம். சூடு, முள், கல் எதுவும் தெரியாதாம்.

ஈப்போவில் மண் வைத்தியம் படிக்கப் போனபோது மாஸ்டர் முதல் நாளே சொன்னார், கட்டிலில் படுக்க வைக்குமுன் இனிப்பு நீர் இருக்கா என்று கேள் என்று. பாக்கியத்திடம் கேட்கவே வேண்டியதில்லை. அவள் வரும்போதெல்லாம் சீனி போடாத கோப்பி கலந்து கொடுப்பதே நான்தான். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தவளைப் பார்த்துச் சிரித்ததும் நான்தான். தூ.

பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் சுடுதண்ணின்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் வாயத் தொறக்காதீங்க."

"சூடா இருந்தா சொல்லியிருக்கக் கூடாதா பாக்கியம்?"

"சூடா? எனக்கு என்னைக்கு அண்ணி சூடு தெரிஞ்சுச்சு? நீங்க பக்கத்துல உக்காந்து பேசுவீங்க, அது நல்லா இருக்கும். அதுக்குத்தான் வருவேன்."

அந்த ஒரு நாள்தான் நான் பக்கத்தில் உட்காரவில்லை.

உள்ளதை எழுதுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள். 'வாயத் தொறக்காதீங்க' என்று அவள் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பஸ் ஏறிய பிறகுதான் வெட்கம்.

நவம்பர் 9, ஞாயிறு

பாக்கியம் வீட்டுக்கு வந்துவிட்டாள். மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். படி ஏறும்போதே அவள் மகன் குமரேசன் சத்தம். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், ஞாயிறு மட்டும்தான் பகலில் வீட்டில் இருப்பான்.

"வயசானவங்க நடக்கற எடத்துல சுடுதண்ணிய எவளாச்சும் வெப்பாளா? கண்ணு எங்க இருந்துச்சு ஒனக்கு? போன்லயா?"

தேவி குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் பாக்கியம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தன் பொய் போய் எங்கே விழுந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியும்.

நான் என்ன செய்தேன்? "விடு தம்பி, வேணும்னா செஞ்சா?" என்றேன். அடிப்பாவி! வேணும்னா செஞ்சாளாம்! அவள் செய்யவேயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, தவறிப்போய்ச் செய்துவிட்டாள் என்று முத்திரை குத்திவிட்டு வந்திருக்கிறேன். தேவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழம்பை வாங்கி அடுப்பு மேடையில் வைத்தாள்.

இவரிடம் சொல்லிவிட்டேன் எல்லாவற்றையும். இருமல் மருந்தை ஊற்றிக் குடித்தார். அப்புறம், "யானைக்கும் அடி சறுக்கும். பாக்கியமே மறைச்சிட்டா, நீ எதுக்குப் போய்க் கிளறறே? புருஷன் பொண்டாட்டி சண்ட, நாலு நாள்ல சரியாயிரும்" என்றார். தங்கை கால் வெந்து கிடக்கிறது, இவர் எனக்குச் சமாதானம் சொல்கிறார். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 11, செவ்வாய்

டீச்சர் படம் போட்டுவிட்டார். அதைப் பார்த்துக் கம்போங் ராஜாவிலிருந்து இரண்டு பேர், லெம்பா பெர்த்தாமிலிருந்து ஒரு சீனக் கிழவர், மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டி வந்தான். பல்பு போச்சு என்று திருப்பி அனுப்பினேன். அதுவும் பொய். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வருகிறது.

விளக்கைத் துணி போட்டு மூடி அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். விளக்கு என்ன செய்யும் பாவம். எத்தனை பேர் அதனால் நிமிர்ந்து நடந்து போயிருக்கிறார்கள். மண்ணும் தப்பில்லை, சூடும் தப்பில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பு இல்லை இது, வாசலில் யார் வந்தாலும் தேவியோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

நவம்பர் 12, புதன்

மழை. இவர் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டதாம். எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லவேளை விரலோடு போச்சு என்கிறார்கள் எல்லாரும். நல்லவேளையாம்!

இவர் இன்னொன்றும் சொன்னார், சொல்லாமல் இருக்க முடியாமல். குமரேசன் எல்லார் முன்னாலும், "இவளாலதான் எங்கம்மாவுக்கு வெரல் போவுது" என்றானாம். தேவி பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாளாம், அம்மா வீட்டுக்கு.

"இப்பவும் வாய மூடிக்கிட்டு இருக்கவா?" என்று கேட்டேன். இவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார்.

நவம்பர் 13, வியாழன்

போனேன்.

இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பாக்கியம் உள்ளே தூக்கம். தேவி குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் குழாயில், கட்டுத்துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆரம்பம் எல்லாம் மறந்துவிட்டது. "தேவி, அது சுடுதண்ணி இல்லம்மா. நான்தான்" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். "தெரியும் மாமி."

பிழியாத துணி அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்குச் சாயங்காலம் அத்தை காலக் கழுவி விட்டது யாரு? வெரல் இடுக்கு பூரா உங்க களிமண்ணு. சுடுதண்ணி கொட்டுன கால்ல மண்ணு எப்பிடி மாமி காஞ்சு ஒட்டியிருக்கும்?"

"அப்ப ஏன்மா நீ சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? பெரியவங்க மேல பழி போடறான்னுதான் சொல்லுவாங்க." துணியைப் பிழிந்தாள். "மறுநாள் அதுக்குத்தான் உங்களுக்குப் போன் போட்டேன். கால் நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்ல? நல்லாத்தான் இருந்துச்சுன்னீங்க. சரி, பதறிப்போய்ச் சொல்றாங்க, அவங்களா வந்து சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஞாயித்துக்கெழம குழம்போட வந்தீங்க. அப்பவும் பாத்தேன்."

மன்னிச்சிடு என்று கேட்க வந்தவள் நான்.

வெளியே லோரி வந்து நின்றது. இன்று சீக்கிரம் வந்துவிட்டான். தேவி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், எனக்கில்லை, அவனுக்கு. "உக்காருங்க. மாமி உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."

சொன்னேன். டீச்சர், படம், சேலை மாற்றியது, காய்ந்த மண், போனில் சொன்ன பொய், எல்லாம். குமரேசன் என்னைப் பார்க்கவில்லை. தேவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "பசிக்குது" என்றான் மெதுவாக.

அவள் போய்ச் சோறு போடவில்லை.