மூன்றாம் சேனல்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மாமாவும் நலம். உங்கள் இருமல் விட்டதா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தையல் கடைக்குச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. நாள் முழுக்கக் கீழேயே இருப்பதால், மூன்றாம் மாடியிலிருந்து மாமா கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. கை நடுக்கத்தில் அவரால் செல்போனைத் தொட்டு எண் எடுக்கவும் முடியவில்லை. அதனால் இரண்டு வாக்கிடாக்கி செட் வாங்கினேன். ஒரே பொத்தான், அழுத்திப் பேசினால் போதும். போலீஸ் வருமோ என்று பயந்தேன். இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் யாருக்கும் சொந்தமும் இல்லை, பக்கத்தில் வேறு யாராவது பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார் கடைக்காரர்.

நான்காம் நாள் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை அணைக்கச் சொல்லி மாமா செட்டில் “நிறுத்து, நிறுத்து” என்று அதட்டினார். எதிரே கட்டடம் கட்டுகிறார்களே, அங்கே கிரேன் நின்றுவிட்டது! கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்குகிறது. எங்கள் செட் இருக்கும் அதே மூன்றாம் சேனலில்தான் அவர்களும் பேசுகிறார்கள். சூப்பர்வைசர் மூச்சு வாங்க ஓடிவந்தார். நிறுத்து என்றதால் பிழைத்தோம், இறக்கு என்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றே அவர்கள் ஏழாம் சேனலுக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆனால் கிரேன் ஓட்டுகிறவர் மட்டும் மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் மூன்றாம் சேனலுக்கு வந்து, இன்றைக்கு ஏதாவது நிறுத்த வேண்டுமா ஐயா என்று கேட்டார். மாமா சிரித்துவிட்டார். அதிலிருந்து தினமும் பேச்சுதான். அத்தனை படி இறங்கி ஏற முடியாமல் அவர் மேலேயே தனியாகச் சாப்பிடுகிறாராம். உங்கள் வயதுதான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பேசினாயா என்று மாமா கிரேன்காரரிடம் கேட்டது என் செட்டிலும் விழுந்தது. அம்மாவோடு பேசுவேன், அப்பாவோடு பேச்சில்லை என்றார் அவர். அதற்கு மாமா சொன்னார்:

“நீயே பேசிடுப்பா. அவரு போனைப் பார்த்துக்கிட்டேதான் இருப்பாரு.”

உங்களுக்குப் பிள்ளை உண்டா ஐயா என்று அவர் கேட்டார்.

“இருக்கான். சொல்லாம கிளம்பிப் போயிட்டான். கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். என் செட்டிலும் கேட்கும் என்று மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும்? மாலையில் டீ கொடுத்தபோது, சர்க்கரை போதவில்லை என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கிரேன்காரர் நேற்று அவர் அப்பாவோடு பேசிவிட்டாராம். இருவரும் மழையைப் பற்றியே பேசி முடித்தார்களாம். மாமா அதையே மூன்று தடவை என்னிடம் சொன்னார். மாதக் கடைசியில் அங்கே வேலை முடிந்து கிரேனைக் கழற்றிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கே கூப்பிடுங்கள். மேலே எடுத்துப்போய் மாமா காதில் வைத்துப் பிடிப்பது என் வேலை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். “சாப்பிட்டீங்களாப்பா” என்று கேளுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எந்நாளும் உங்களவள்