வலது கையில் வாங்கிய பொங்கல்

போபோடி, புனே
9.6.2004

சேவியர் சாருக்கு, பார்கவியின் பாட்டி சரசா எழுதுவது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்க வேண்டும்.

அன்று டேகடிக் குன்றுக்குப் பின்னால் பழைய கல்குவாரியில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீங்கள். பாறையில் பத்தடி உயரத்தில் என் பேத்தி பார்கவி. கீழே அவள் கயிற்றைப் பிடித்திருந்த அடுத்த தெருத் தருண். அவனுக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்திருந்த, பார்கவியின் சிநேகிதி மீனு. பையனோடு பெண் போகிறாளே என்று காவலுக்கு வந்த நான். 1999 ஜனவரி பத்து, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை.

எனக்கு எதுவும் மறக்காது. என் வளைகாப்புக்கு வராத நாத்தனாரோடு நாற்பது வருஷமாகப் பேச்சு இல்லை. பெண் குழந்தைக்குப் பேண்ட் மாட்டிப் பாறையில் ஏற்றுகிறவர் என்று உங்கள் மேலும் வன்மம்தான்.

ஆனால் ஞாயிறுதோறும் நீங்கள் சொன்னதைக் கேட்டேன். "கயித்துல இருக்க வலது கையை எடுக்கப்படாதுலே. மூக்குல கொசு கடிச்சா கடிச்சுட்டுப் போவட்டும். மேல இருக்கவ உசுரு அந்தக் கையிலதான்" என்பீர்கள். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று கோயிலிலிருந்து மார்கழிச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் அடுத்த பாறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தீர்கள், எங்களுக்கு முதுகைக் காட்டி. ஆறிப்போகிறதே என்று நான்தான் எடுத்துப் போனேன். மீனு கயிற்றை விட்டு இரண்டு கையையும் நீட்டினாள். தருண் இடது கையை நீட்டினான். "பிரசாதத்தை இடது கையாலயாடா வாங்குவா? ஆத்துல ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலையா?" என்றேன். "வலது கையை எடுத்தா சார் திட்டுவார் பாட்டி" என்றான். "பகவானைவிட உங்க சார் பெரியவரா?" என்று கேட்டேன். பார்கவி அசையாமல் நின்றிருந்தாள். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன். அவன் வலது கையை நீட்டினான். பொங்கல் அவன் உள்ளங்கையில் விழுந்தபோது பார்கவியின் கால் வழுக்கியது.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தருணையும் மீனுவையும் தனியாகக் கூப்பிட்டேன். "பிரசாதத்தால விழுந்தாள்னு யாரும் பேசப்படாது, தெய்வ குத்தம். கை தவறிடுத்துன்னு சொல்லுங்கோ" என்று சத்தியம் வாங்கினேன். தெய்வத்துக்காக என்று அவர்களிடம் சொன்னேன். எனக்காகத்தான்.

பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் என் பிள்ளை பட்டாபிராமன் உங்களை வாய்க்கு வந்தபடி ஏசினான். "புள்ளையள் மேல தப்பில்லை, பொறுப்பு என்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனீர்கள். நான் முதல் வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது பட்டாபி ஒரு சேதி சொன்னான். விமான் நகரில் ஒரு பள்ளியில் பாறையேற்றம் சொல்லிக்கொடுக்க நீங்கள் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களாம். அங்கே போய் உங்களைப் பற்றிச் சொல்லப் போகிறானாம். தட்டு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தட்டை விட்டு எழுந்து போய்விட்டான். பார்கவி தனக்கு வருகிற தமிழில், "தருண்கூட அஞ்சு வருஷம் நான் பேசல, பாட்டி. நீ பாத்துட்டே இருந்தே" என்றாள்.

மறுநாள் அவளே ரிக்‌ஷா பிடித்து என்னை அந்தப் பள்ளிக்கு அழைத்துப் போனாள். நான் தமிழில் சொல்ல, அவள் பிரின்சிபால் அம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னாள். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம். இந்த விலாசமும் அவர்கள் கொடுத்ததுதான்.

தருண் வீட்டுக்கும் போனோம். நான் சொன்னதை நின்றபடியே கேட்டான். "தண்ணி வேணுமா பாட்டி?" என்று மட்டும் கேட்டான். அவன் திட்டியிருக்கலாம்.

அவசியம் வாருங்கள். என் முகத்தில் விழிக்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாருங்கள். உங்களையும் குடும்பத்தையும் உங்கள் மாதா காப்பாற்றட்டும். தருண் மேலும் மீனு மேலும் மனத்தாங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரியவள் சொன்னதைக் கேட்ட குழந்தைகள். அன்று அங்கே இருந்த ஐந்து பேரில் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான்.

சரசா