தண்ணீர்த் தொட்டி வளைவில் நின்றவனுக்கு

இன்று காலை மெட்ரோ தூண் வேலை நடக்கும் இடத்தில் வழக்கம்போல வண்டிகள் நின்றுவிட்டன. எனக்கு முன்னால் ஒரு கிழட்டு ஆட்டோ, ஆயிலை எரித்து நீலப்புகை கக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலை ஏற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. கருகிய ஆயில் நாற்றம் வந்தால் மற்றவர்களுக்கு மெக்கானிக் ஞாபகம் வரும், எனக்கு நீ வருகிறாய். நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லூரியின் கடைசி வருடத்தில் நாம் ஒரு ரேஸ் கார் கட்டினோம். கார் என்று சொன்னால் வீட்டில் சிரித்தார்கள். இரும்புக் குழாய்களை வெல்டு செய்த ஒரு கூடு, நான்கு சக்கரம், சீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின். மாணவர்கள் கட்டிய கார்களுக்கென்று நடக்கும் போட்டியில் அதை ஒருமுறையாவது முழுதாக ஓட்டி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் நம் ஆசை. காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வரும் எனக்கு இன்ஜின் பொறுப்பு. ஸ்ரீராம்புரத்திலிருந்து பைக்கில் வரும் நீ டிரைவர். கை முழுக்க கிரீஸோடு அதிகாரம் பண்ணுகிறேன் என்று எனக்கு ‘மேடம்’ என்று பெயர் வைத்தாய். கடைசிவரை அதை மாற்றவே இல்லை.

உன்னை டிரைவர் ஆக்கியதற்குக் காரணம் நீ ஒல்லியாக இருந்தது மட்டுமில்லை. உனக்குக் கைராசி என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரை நீ வந்து உதைத்தால் கிளம்பிவிடும். பரீட்சைக்கு முன்னால் பேனாவை உன் கையில் ஒருதரம் கொடுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் காருக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ‘நீயே ஸ்டார்ட் பண்ணு குரு’ என்று எல்லோரும் உன்னைத்தான் தள்ளினார்கள். பட்டனை அழுத்தினாய். ஒரே அழுத்தில் உறுமியது. உன் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் பிறகு பார்க்கவில்லை.

விடுதிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில்தான் ஓட்டிப் பழகினோம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போகும் நீளமான வளைவு ஒன்று அங்கே உண்டு. முதல் இன்ஜின் அந்த வளைவில்தான் போனது. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நீ கியரைத் தப்பாகப் போட்டாய் என்றான் நம் குழுவின் கேப்டன். போட்டிருக்கலாம் என்று நீயும் ஒத்துக்கொண்டாய். சிவாஜிநகரில் பழைய சாமான் கடைகளில் அலைந்து அதே மாதிரி இன்ஜின் இன்னொன்று பிடித்துவந்து மாட்டினோம். அதுவும் உன் கையில், அதே தொட்டியருகே போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குக் கேப்டன் விளையாட்டாகத்தான் சொன்னான். “மச்சா, உன் கைக்கு என்னமோ ஆய்ட்ச்சு குரு. ராசி போய்ட்ச்சு.” எல்லோரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். திங்கட்கிழமை விளையாட்டாகச் சொன்னது வெள்ளிக்கிழமைக்குள் சட்டமாகிவிட்டது. நீ எடுத்துக் கொடுத்த ஸ்பேனரை வாங்காமல் தானே போய் வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள். மூன்றரை வருடம் மெக்கானிக்கல் படித்த கூட்டம் இது.

மூன்றாவது இன்ஜினைக் கேப்டனே ஓட்டினான். உன்னைப் பக்கத்தில் வர வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். நீ யாரோடும் சண்டை போடவில்லை. தள்ளிப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டாய், அந்த இடத்தில் இன்ஜின் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்பதற்காக. நாலைந்து சுற்றுகூட ஆகவில்லை. உனக்கு எதிரேயே சுத்தியல் சத்தம் கேட்டது, கார் நின்றது. கேப்டன் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். இன்ஜினைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தான்.

“இவன் ஏன்டா இங்க நிக்கறான்?”

வேறொருவன் ஓட்டி உடைந்ததற்கும் நீயே காரணம் ஆனாய். நீ பைக்கை எடுத்துக்கொண்டு போனவன், பல நாள் வரவில்லை.

நான் இன்ஜினைப் பிரித்தேன். கனெக்டிங் ராடின் பேரிங் கருநீலமாக வெந்து போயிருந்தது. ஆயில் இல்லாமல் காய்ந்தால்தான் அப்படி ஆகும். ஆனால் அடியில் ஆயில் நிறைய இருந்தது. அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. நிறைய ஆயில் இருக்கும்போது ஒரு பேரிங் எப்படிக் காய்ந்து சாகும்?

நீ இல்லாததால்தான் அதற்கு விடை கிடைத்தது. எல்லோருக்கும் மதியச் சாப்பாடு வாங்கிவருவது நம் இருவர் வேலை. நீ பைக் ஓட்டுவாய், நான் பின்னால் சாம்பார்த் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதன் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது, ஆனாலும் ஒரு சொட்டு சிந்தியதில்லை. அன்று நீ இல்லாமல் ஆட்டோவில் வந்தேன். முதல் திருப்பத்திலேயே சாம்பார் ஒரு பக்கமாக எழும்பி என் சுடிதாரில் கொட்டியது. “என்னம்மா, மூடி இல்லாம எத்தினு வர்றே?” என்று ஆட்டோக்காரர் என்னைத்தான் திட்டினார். நான் பருப்பும் முருங்கைக்காயுமாக உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். பைக் வளைவில் சாயும். சாய்ந்தால் உள்ளே இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கும். நம் கார் சாயாது. நீண்ட வளைவு வந்தால் ஆயில் எல்லாம் வெளிப்பக்கச் சுவரில் போய் ஏறிக்கொள்ளும், ஆயிலை மேலே ஏற்றும் பம்ப் வெறும் காற்றைக் குடிக்கும், பேரிங் காய்ந்துபோகும். சாய்ந்து ஓடப் பிறந்த இன்ஜினை நாம் நிமிர்த்தி உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். காரணம் உன் கையும் இல்லை, கியரும் இல்லை.

அந்தச் சாம்பார்க் கறையோடு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். சந்துக் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த உன் அம்மா என்னைப் பார்த்து எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று பயந்துபோனார். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி உனக்குக் காட்டினேன். நீ முழுதாகக் கேட்டாய். “கரெக்ட்தான் மேடம்” என்றாய். ஆயில் தொட்டிக்குள் ஓட்டை போட்ட தகடுகளைக் குறுக்கே வைத்தால் ஆயில் ஓடாது என்று சொன்னதே நீதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தகடு வைத்த இன்ஜின் தயாரானதும், “நீ ஸ்டார்ட் பண்ணு” என்றேன். நீ இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாய். “சும்னே எதுக்கு மேடம். வேற யார்னா பண்ணட்டும்.”

போட்டியில் கார் முழுதாக ஓடி முடித்தது. ஓட்டியவன் கேப்டன். முடித்ததும் உன்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். ராசி பற்றி ஒருவருக்கும் ஞாபகமே இல்லை. சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள், கேட்டவன் மறக்கவில்லை. எனக்கு ஆறாதது அதுதான்.

பிறகு வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு பக்கம் போனாலும் நீ என் நண்பனாகவே இருந்தாய், உன் கை மட்டும் பாக்கெட்டில் இருந்தது. நான் ஸ்கூட்டர் வாங்கியபோது சாவியை நீட்டினேன், பேச்சை மாற்றினாய். உனக்கு மகள் பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து உன்னிடம் நீட்டினாள். நீ ஒரு அடி பின்னால் போய், “மொதல்ல அம்மா வாங்கட்டும்” என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே, அந்த வராந்தாவிலேயே மறுபடி ஆயில், பம்ப், வளைவு என்று ஆரம்பித்தேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ சிரித்தாய்.

சிறுநீரகம் கெட்டு நீ படுத்த பிறகு ஒரு நாள், டயாலிசிஸ் முடிந்து களைத்துக் கிடந்தாய். நான் கேட்காமல் நீயே பேச்சை எடுத்தாய். “ஆயில் ஓடிச்சுன்னு எனக்கும் தெரியும் மேடம். உங்களவிட நல்லா தெரியும். இந்தக் கைக்குத்தான் தெரியல.” காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் மனிதன் எழுந்துவிடுவான் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தேன். அலுத்துப்போயிற்று.

போன மாதம் விஜயதசமிக்கு உன் மனைவி கூப்பிட்டாள். மகளுக்கு அரிசியில் எழுத்து எழுதவைக்கிறார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, உன் அம்மா மடியில் குழந்தையை உட்காரவைத்திருந்தார்கள். யார் கையைப் பிடித்து எழுதவைப்பது என்று பேச்சு வந்தது. பெரியப்பாவைக் கூப்பிடலாம், அவருக்கு நல்ல கைராசி என்றது ஒரு குரல். பாவம், நல்ல மனிதர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் எழுந்துபோய்த் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

“யாரும் புடிக்க வேணாம். அவளே எழுதட்டும்.”

“ஏன்க்கா?” என்றாள் உன் மனைவி.

“இவங்கப்பா கைக்கு நாங்க ஒரு பேரு வெச்சோம். மொதல்ல நல்ல பேரு, அப்பறம் கெட்ட பேரு. இவ கைக்கு எந்தப் பேரும் வேணாம்.”

உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையைச் சுற்றியிருந்த தன் கைகளை மெல்ல எடுத்துவிட்டார். உன் மகள் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மணிக்கட்டுவரை அரிசிக்குள் விட்டாள்.